மடித்தவனே குதிக்கணும்

குடைக்காரர் பத்தொன்பது வருஷம் பட்டாளத்தில் இருந்தார். ஒரு போரையும் பார்த்தார். ஆனால் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. இதை அவர் ஒருநாளும் மறைத்தவரில்லை. கேட்காதவனையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார். இப்போது அவர் இல்லை. மகளுடைய ஷெட்டில், வாசலைத் தாண்டியதும் எதிர்ச்சுவரில் அவர் படம் தொங்குகிறது. பழைய பட்டாளத்துக்காரர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, படத்துக்குக் கீழே வீரர், தீரர் என்று இரண்டு வரி சேர்த்தால் எடுப்பாக இருக்குமே என்றார். மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் போனதும் பெயிண்டரைக் கூப்பிட்டு, 'ஒரு குண்டும் சுடவில்லை. ஒரு குடையும் விரியாமல் போகவில்லை' என்று எழுத வைத்தாள். அடுத்த முறை வந்த சங்கத்துக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கினால் சுருங்கட்டும். உண்மையை எழுத யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

குடை என்றால் பாராசூட். விமானத்திலிருந்து குதிக்கிறவன் முதுகில் மாட்டுகிற மூட்டை. அதை மடித்து மூட்டையாக்குவதுதான் அவர் பார்த்த வேலை. கேட்பதற்கு என்னவோ துணி மடிக்கிற வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக் கூடத்தையே மூடுகிற அளவு துணியை, ஒரு சுருக்கம் விழாமல், ஒரு கயிறு இன்னொன்றின் மேல் ஏறாமல், தலையணை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மேலே போனவன் கயிற்றை இழுத்ததும் அது மூச்சுவிடுகிற நேரத்துக்குள் விரிய வேண்டும். விரியவில்லை என்றால் திருப்பிக்கொண்டு வந்து புகார் சொல்ல ஆள் இருக்காது.

மடித்து முடித்ததும் மூட்டையின் பக்கவாட்டுப் பையில் ஒரு சின்ன அட்டை செருகுவார்கள். மடித்தவன் கையெழுத்தும் தேதியும் அதில் இருக்கும். அங்கே ஒரு சட்டம் உண்டு. அதிகாரி எந்த நாளும், எந்த நேரமும் வருவார். அலமாரியில் இருக்கிற நூறு மூட்டையில் கைக்கு வந்த ஒன்றை உருவுவார். அட்டையைப் படிப்பார். கையெழுத்துப் போட்டவனைக் கூப்பிட்டு, மாட்டிக்கொண்டு விமானத்தில் ஏறு என்பார். மடித்தவனே குதிக்கணும். காய்ச்சல், வயிற்றுவலி, பெண்டாட்டிக்குப் பிரசவம் என்று எந்தச் சாக்கும் செல்லாது.

குடைக்காரருக்கு அந்த அழைப்பு நாலாவது வருஷம் வந்தது. ஏறினார், குதித்தார். குடை பூப்போல விரிந்தது. இறங்கின இடம்தான் சரியில்லை, பாறை. இடது முட்டி போயிற்று. ஆயுசுக்கும் அந்தக் கால் சாய்ந்துதான் நடந்தது. அதை வைத்து யாராவது கிண்டல் செய்தால் அவருக்குப் பொறுக்காது. "குடை விரிஞ்சுதா இல்லையா? முட்டி என் தப்பு. குடை தப்பு இல்ல" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

போர் வந்தபோது அவர் மடித்த மூட்டைகள் போயின. அவர் பட்டியலை வைத்துக்கொண்டு ஓடுபாதை ஓரத்தில் நின்றார். திரும்பி வந்தவர்களில் ஒருவன் விமானத்திலிருந்து இறங்கி நேராக அவரிடம் வந்து, அழுக்கேறிய ஒரு அட்டையை அவர் உள்ளங்கையில் வைத்து அமுக்கிவிட்டு, சாப்பிடப் போனான். முன்னால் நின்றவன் மார்பில் பதக்கம் குத்தினார்கள். அவனை முழுசாகத் தரையில் இறக்கியவன் மார்பில் நூல் தூசுதான் இருந்தது. அந்த அட்டையை அவர் கடைசிவரை பர்ஸில் வைத்திருந்தார். எந்தப் பதக்கத்துக்கும் அதைக் கொடுத்திருக்க மாட்டார்.

ஊருக்கு வந்தபின் தெருவில் இதெல்லாம் யாருக்குப் புரியும்? பட்டாளத்தில் குடை ரிப்பேர் செய்தவர் என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. டீக்கடைக்காரர் ஒருநாள், பட்டாளத்தில் மழை ரொம்ப ஜாஸ்தியோ என்று இழுத்தார். குடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "மழை பெய்யாதுய்யா. அங்க ஆளுங்க பெய்வாங்க. உடையாம இறக்குறது என் வேலை." கடையே சிரித்தது. பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் கௌரவம்தான்.

அவர் ஊருக்கு வந்த கதை சந்தோஷமான கதை இல்லை. மகளுக்கு நாலு வயது நடக்கும்போது மனைவி போய்விட்டாள். ஒரு வாரக் காய்ச்சல், அவ்வளவுதான். வந்து இறங்கியவரை உறவுக்கூட்டம் சூழ்ந்துகொண்டது. இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் பதவி உயர்வு. பிள்ளையை என்னிடம் விடு, நீ போய் வேலையைப் பார், காலாகாலத்தில் இன்னொரு கல்யாணமும் பண்ணிக்கொள் என்று அக்கா பொறுப்பாகத்தான் சொன்னாள். பெண் பிள்ளையைத் தனி ஆம்பிளை வளர்ப்பதாவது, தலை பின்னத் தெரியுமா, பாவாடை கட்டத் தெரியுமா என்று சித்தப்பா முறைக்காரர்கள் அடுக்கினார்கள்.

"அக்கா, பதினேழாயிரம் குடை மடிச்ச கை இது. ஒரு பாவாடை மடிக்கத் தெரியாதா?" என்றார் குடைக்காரர். அந்த மாதமே பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

முதல் மாதம் பிள்ளை பட்ட பாடு சொல்லி மாளாது. பாராசூட் கயிற்றைப் பிடிக்கிற பிடியில் சடை பின்னினார். அதற்குப் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிக்கொள்ளும். கண்ணை மூட முடியாமல் பள்ளிக்கூடம் போகும். அப்புறம் அவரே கண்டுபிடித்தார்: இழுத்தும் பிடிக்க வேண்டும், மூச்சுவிட இடமும் விட வேண்டும், குடை மாதிரியேதான். அதற்குப் பின் அந்தச் சடை காலையில் போட்டது சாயங்காலம்வரை ஒரு முடி பிசகாது. வகிடு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி இருக்கும். பள்ளி ஆண்டு விழாவுக்கு நாலு அம்மாமார்கள் தங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். அப்படிச் சடை போட இன்றைக்கும் அந்தத் தெருவில் ஆள் கிடையாது. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்துக்கு ஒரு கட்டம், அம்மா கையெழுத்துக்கு ஒரு கட்டம். குடைக்காரர் இரண்டிலும் தானே போட்டார், தேதியோடு. தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அம்மா இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் முறை என்று மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"ரெண்டு வேலையும் நான்தான் பாக்குறேன் மேடம். ரெண்டு கையெழுத்தும் நான்தான் போடுவேன்."

தலைமை ஆசிரியை அந்த அட்டையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார். இதில் இன்னொன்று. குடைக்காரர் படித்தது எட்டாவது, அதுவும் பாதி. ஆனாலும் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்துவார். வகுப்பாசிரியை கடிகாரத்தைப் பார்த்தாலும் சரி, பின்னால் பத்துப் பேர் நின்றாலும் சரி. எழுத்து என்பது சும்மா இல்லை, போட்டவன் அதற்குக் கீழே நிற்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்.

வேலைக்கு அவர் போய்ச் சேர்ந்தது ஒரு பெல்ட் தொழிற்சாலையில். உயரமான கட்டடங்களில் வெளிப்பக்கம் நின்று வேலை செய்கிறவர்கள் இடுப்பிலும் தோளிலும் மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட். நாடாவை மடித்து, கொக்கி வளையம் கோத்து, கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரித் தைக்க வேண்டும். அந்தத் தையல் அவருக்குப் பிறவிச் சொத்து மாதிரி. கடைசியில் நாலு முறை பின்னால் போய் வந்து நூலை முடிப்பார். மற்றவர்கள் இரண்டு முறையோடு விட்டுவிடுவார்கள். மகள் டிப்ளமோ முடித்ததும் அதே தொழிற்சாலையில் தரம் பார்க்கிற மேஜைக்கு வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரு சீட்டு தைத்திருக்கும். பார்த்து, இழுத்து, சரி என்றால் அதில் அவள் கையெழுத்து. தினம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்பார்: இன்றைக்கு எதில் எல்லாம் கையெழுத்துப் போட்டாய்? சாப்பாடு கேட்கிற மாதிரி அது ஒரு வழக்கமாகிவிட்டது.

அந்த வருஷம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. இருபது மாடிக் கட்டடத்துக்கு இருநூறு பெல்ட். அதில் எண்பதைக் குடைக்காரர் தைத்து முடித்தார். அப்புறம் முட்டி வீங்கி இரண்டு நாள் வீட்டில் படுத்துவிட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் மகள் வந்தாள். முட்டியில் வெந்நீர்த் துணியை வைத்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

நீங்கள் பார்த்து வைத்த நூற்றிருபதும் முடிந்தது, நாளை பத்து மணிக்கு லாரி என்றாள் மகள்.

துணியைப் பிழிந்த கை நின்றது. "எந்த நூத்திருபது?"

"வெளியில தைக்கக் கொடுத்தாங்களேப்பா. நீங்க போன வாரமே பாத்துட்டீங்கன்னு முதலாளி சொன்னாரு."

"நான் பாக்கல."

மகள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். அவர் பார்த்தார் என்றால் அவளுக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. மூன்று வரி மதிப்பெண் அட்டையை ஐந்து நிமிஷம் படிக்கிற மனிதர். அவர் பார்த்ததில் தப்பு எங்கிருந்து வரும்? பிறந்ததிலிருந்து அவளை அப்படி நம்பப் பழக்கியவரும் அவர்தான். அதுவும் குடைக்காரருக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. "நானே பாத்திருந்தாலும் பாப்பா, கையெழுத்து உன்னோடதுல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகள் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. இருநூறில் நூற்றிருபது பேர் அவள் பெயரைக் கட்டிக்கொண்டு இருபதாவது மாடியில் வெளிப்பக்கம் தொங்கப்போகிறார்கள்.

காலையில் வீங்கின முட்டியோடு போனார். கட்டுகளில் ஒன்றைப் பிரித்து ஒரு பெல்ட்டை உருவினார். பின்தையல் இரண்டே முறை. அது போகட்டும். நூலை நகத்தால் நெருடினார். நைலான் இல்லை, சட்டை தைக்கிற நூல். பெல்ட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல முடியாது. நெருக்கடி வந்தால் நெளிகிற ஆள். சரக்கு இன்றைக்குப் போகாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது, பெல்ட் கட்டினவனெல்லாம் விழப்போகிறானா, பத்து வருஷத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கெஞ்சுகிற மாதிரிதான் ஆரம்பித்தார். குடைக்காரர் அசையவில்லை. அப்போதுதான் முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னார்.

"யோசிச்சுக்கோங்க. சீட்டுல இருக்கிறது உங்க பொண்ணு கையெழுத்து. நாளைக்கு ஒண்ணுன்னா என் பேரு வராது, அவ பேருதான் வரும். கெளறாம இருந்தா அவளுக்குத்தான் நல்லது."

குடைக்காரர் குதிகாலைச் சேர்த்து நின்றார். பட்டாளத்தில் அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி. அப்படியே திரும்பி வெளியே நடந்தார். வாயை அடைத்தாயிற்று என்று முதலாளி நினைத்திருப்பார். பாவம், ஆள் தெரியாமல் பேசிவிட்டார்.

வெளியே வந்தவர் மகளைக் கூப்பிட்டார். சரக்கு எடை போடுகிற மேடையில் ஏறி நிற்கச் சொன்னார். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் ஏறினாள். ஐம்பத்தொன்று காட்டியது. தீயணைக்க வைத்திருந்த சிவப்பு வாளிகளை இறக்கி, மணலை ஒரு சாக்கில் கொட்டினார். முள் ஐம்பத்தொன்றில் நிற்கும்வரை கொட்டினார். கொஞ்சம் கூடிப்போனதைக் கையால் அள்ளி எடுத்தார். சாக்கின் வாயைக் கட்டி, அதற்கு அந்த பெல்ட்டை மாட்டி இறுக்கினார். நாடா உருளைகள் அடுக்குகிற இரும்புப் பரண் ஒன்று அங்கே உண்டு. இரண்டு ஆட்களை வைத்துச் சாக்கை அதில் ஏற்றி, மேலே குறுக்கே போகிற இரும்பு உத்தரத்தில் ஆறடிக் கயிறு கட்டி, கொக்கியைப் பெல்ட்டில் மாட்டினார்.

சரக்கு எடுக்க வந்த கட்டட மேஸ்திரி அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். முதலாளியும் சத்தம் கேட்டு வந்துவிட்டார். என்ன வேடிக்கை இது, இறக்குங்கள் என்றார். யாரும் நகரவில்லை.

"இது எடையில என் பொண்ணு. சீட்டுல இருக்கிறதும் என் பொண்ணு" என்று சொல்லிவிட்டுக் குடைக்காரர் சாக்கைத் தள்ளினார்.

கயிறு விறைத்தது. ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு வேட்டி கிழிகிற சத்தம். கட்டத்தையல் நாலு பக்கமும் விட்டு, சாக்கு தரையில் விழுந்து பிளந்தது. மணல் முதலாளி ஷூ வரைக்கும் ஓடியது. கொக்கியும் வளையமும் மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தன.

மேஸ்திரி குனிந்து, மணலில் கிடந்த பெல்ட்டின் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், முன்கையில் சிமெண்ட் வெடிப்பு. இது யார் கையெழுத்து என்று கேட்டார்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்துவிட்டாள். "என்னோடதுங்க. பாக்காம போட்டுட்டேன்."

 பரண் மேல் நின்ற குடைக்காரருக்கு வேலை இன்னும் பாதிதான் ஆகியிருந்தது. தான் தைத்த எண்பதில் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். எதை எடுப்பது என்று கேட்டபோது, மேஸ்திரியையே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவச் சொன்னார். அதை வாங்கித் தோளில் மாட்டி, இடுப்பில் இறுக்கி, கொக்கியைக் கோத்தார். மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. பரணின் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அப்பா முட்டி, முட்டி என்றாள். அவர் குதித்துவிட்டார்.

நின்றது. ஐம்பத்தாறு வயது ஆள், எழுபத்திரண்டு கிலோ, தரையிலிருந்து ஆளுயரத்தில் பெண்டுலம் மாதிரி ஆடினார். ஒரு நூல் அசையவில்லை. ஆடிக்கொண்டே முதலாளி பக்கம் திரும்பினார்.

"இப்ப நீங்க வாங்க முதலாளி. அந்த நூத்திருபதுல எது வேணும்னாலும் நீங்களே எடுத்துக்கோங்க."

முதலாளி வரவில்லை. வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் குடைக்காரர் அவர் பதிலுக்காகத் தொங்கியபடியே காத்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

அதற்குள் மகள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பெல்ட்டாக எடுத்துத் தன் கையெழுத்து இருக்கிற சீட்டை வெட்டினாள். முதலாளி கத்தினார். வேலை போயிற்று, அப்பனுக்கும் மகளுக்கும் இனி இந்த வாசல் கிடையாது என்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, வெட்டிக்கொண்டே இருந்தாள். மேஸ்திரி லாரி டிரைவரை டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டு, கடைசிச் சீட்டு வெட்டுகிறவரை பக்கத்திலேயே நின்றார். எண்பது பெல்ட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு லாரி போனது.

அப்பாவும் மகளும் வாசலைத் தாண்டினார்கள். முட்டி இன்னும் வீங்கியிருந்தது. ஆனாலும் கேட் வரைக்கும் சாயாமல் நடந்தார். கேட்டைத் தாண்டினதும் மகள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் இருவரும் வீட்டை அடுத்த தகர ஷெட்டில் இரண்டு பழைய மிஷினைப் போட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். வேலையைத் தொலைத்துவிட்டுக் கிழவனுக்குத் திமிர் என்றார்கள். திமிர்தான். அது இல்லாமல் எவன் முன்னுக்கு வந்தான்? குடைக்காரர் செய்த முதல் வேலை ஷெட்டின் குறுக்கே ஒரு இரும்பு உத்தரம் போட்டதுதான். கூரைத் தகரம்கூட அதற்கு அப்புறம்தான் முழுசாக வந்தது. முதல் ஆர்டர் கொடுத்தது அந்த மேஸ்திரி. முப்பது பெல்ட். அப்பா தைத்தார். மகள் ஒவ்வொன்றையும் இழுத்து, நூலை நகத்தால் நெருடிப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டாள். முப்பதுக்கும் ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி வந்து நின்றார். குடைக்காரர் ஓரத்தில் மணல் சாக்கைத் தயாராக வைத்திருந்தார். திரும்பிப் பார்த்தால் மகள் ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டாள்.

"பாப்பா, சாக்கு இருக்குல்ல. அதைத் தள்ளிக்கலாம்."

"சாக்கா கையெழுத்துப் போட்டுச்சு?"

வாழ்நாளில் ஒருத்தனிடமும் பதில் இல்லாமல் நின்றவரில்லை அவர். டீக்கடைக்காரர், அக்கா, தலைமை ஆசிரியை, முதலாளி, எல்லோருக்கும் சுடச்சுடக் கொடுத்த வாய். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மடித்தவனே குதிக்கணும் என்று அவளுக்குச் சொன்னது யார்? தைத்தது தன் கை, நூல் அவரே வாங்கின நூல், பின்தையல் நாலு முறை, எல்லாம் தெரியும். தெரிந்தும் உள்ளங்கை வேர்த்தது. சொந்தக் குடையில் பாறைக்கு மேல் குதித்த அன்றைக்குக்கூட அப்படி வேர்க்கவில்லை. சாய்ந்த காலை இழுத்துக்கொண்டு உத்தரத்துக்கு நேர் கீழே போய் நின்று, இரண்டு கையையும் விரித்து நீட்டினார்.

மேலே ஏறிய மகள் கீழே பார்த்தாள். உத்தரத்துக் கயிற்றில் கோத்த கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். குதித்தாள்.

கயிறு விறைத்து நின்றது. அவள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே தொங்கினாள். சடை மட்டும் தோளைத் தாண்டி முன்னால் விழுந்து ஆடியது. மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்பா, கையை இறக்குங்க. அதான் பிடிச்சிருச்சுல்ல."

"நீ முதல்ல இறங்கு" என்றார் குடைக்காரர். கையை இறக்கவில்லை.